மலைப்பாதைப் பராமரிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய சிற்றூர்கள் வழியாகப் போகும் நம் பாதையில் பிள்ளைகுட்டிகளோடு வருபவர்கள் பயமில்லாமல் நடந்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட வேலைகள் எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் நேரப் பலகைகள். பழைய பலகைகளில் இருந்தது நைஸ்மித் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்தது: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நல்ல கணக்குதான். ஆனால் உடல் தெம்புள்ள வளர்ந்த ஆள் நிற்காமல் நடந்தால்தான் அது சரிவரும். 6 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் அதன்படி 1 மணி 42 நிமிடம். ஆறு வயதுப் பிள்ளையோ கூழாங்கல்லைப் பார்த்தாலும் நிற்கும், கால் வலிக்கிறது என்று உட்காரும். அதனால் அப்படிப்பட்ட பகுதிக்கு 3 மணி நேரம் என்று எழுதியிருக்கிறோம். சிலர் இது ரொம்ப அதிகம் என்றார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தாமதமானால் குடும்பமே இருட்டில் மாட்டிக்கொள்ளும்.

வழிக்குறிகளைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கினோம். பிரான்சின் நெடும்பாதைகளில் இருப்பதுபோல, தவறான கிளைப்பாதையில் பெருக்கல் குறி போட்டோம். அதைத் தேடிப் பிடிப்பது பிள்ளைகளுக்கே விளையாட்டாகிவிட்டது.

அப்புறம் சுவர்கள். பாதையைக் கெடுப்பது காலடியைவிட மழைத்தண்ணீர்தான். ஏற்றங்களில் தண்ணீர் பாதையோடு ஓடாமல் பக்கத்தில் இறங்கும்படி சாய்வான குறுக்கு வடிகால் வைத்தோம். சரிந்த கற்சுவர்களுக்குச் சிமெண்ட் பூசலாம் என்று யோசனை வந்தது, செயற்குழு ஏற்கவில்லை. சாந்தில்லாத சுவரில் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். பூசிவிட்டால் பின்னால் தேங்கி, சுவர் வயிறு தள்ளி விழும். சாந்தில்லாமல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பும், எட்டு ஐரோப்பிய நாடுகளின் கலையை யுனெஸ்கோ 2018-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சிற்றூர்ப் பெரியவர்கள். கீழே இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலே ஒரு கல் உட்கார வேண்டும், நீளக் கல்லின் நீளம் சுவருக்கு உள்ளே போக வேண்டும் என்று ஒவ்வொரு கல்லையும் கையில் புரட்டிப் பார்த்து வைத்தார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

பாதை போகும் சிற்றூர்களின் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்துக்குள் நுழைந்து படம் எடுப்பதும், ஆட்டுப்பட்டிப் படலைத் திறந்துபோட்டுப் போவதும் நடந்தன. குடியிருப்பவர்கள் மனம் நொந்து சொன்னார்கள். அவர்கள் வழிவிடவில்லை என்றால் இந்தப் பாதையே இல்லை. நடைக்கு அழைத்துப் போகும் உறுப்பினர்கள் ஊர் எல்லையிலேயே குழுவை நிறுத்தி இதைச் சொல்லிவிட வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் ஊற்றடிக் கல்தொட்டியைச் சுத்தம் செய்து, பக்கத்தில் உட்காரக் கல் போடச் செயற்குழு முன்மொழிகிறது. குடம் வைத்து வைத்துத் தேய்ந்த அதன் விளிம்பை அப்படியே விட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்