இடது கை ஒன்றரை அங்குலம் குறைகிறது

சிம்மக்கல், மதுரை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ பேசுகிற நேரம் எப்போதும் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம். எனக்கு அது குக்கர் விசில் அடிக்கிற நேரம். இது கொஞ்சம் உட்கார்ந்து சொல்ல வேண்டிய சங்கதி. இரண்டு சங்கதி என்று வைத்துக்கொள். ஒன்று உன் ஸ்வெட்டரின் கை, இன்னொன்று நீ ஐ ஷேடோ போட்டு வைத்திருக்கிற பிஸ்கட் டின்.

முதலில் கை. முன்பக்கமும் பின்பக்கமும் கார்த்திகையிலேயே முடிந்துவிட்டன, உனக்கே படம் அனுப்பினேன். வலது கையை மார்கழியில் பின்னினேன். விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஊசி தானாக ஓடியது. மணிக்கட்டுப் பட்டிக்குப் பத்தாம் நம்பர் ஊசியில் 48 கண்ணி. அப்புறம் எட்டாம் நம்பருக்கு மாறி, ஆறு வரிசைக்கு ஒரு தடவை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக் கூட்டி 76 வரை கொண்டு போனேன். பட்டிக்கு மேலே அக்குள் வரைக்கும் 108 வரிசை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, அஷ்டோத்திரம் சொல்லிக்கிட்டே பின்னுறியா?" என்றார்.

இடது கைக்குத்தான் வந்தது வினை. மாசியில் ஆரம்பித்தேன். பெரியப்பா வீட்டுக் கல்யாணம், பிறகு என் முழங்கால் என்று இழுத்துக்கொண்டே போய்ச் சித்திரைக்கு வந்துவிட்டது. மதுரைச் சித்திரை உனக்குத் தெரியாததா? நாற்பது டிகிரியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உல்லன் நூலை மடியில் போட்டுக்கொள்வது காய்ச்சல்காரப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது மாதிரி. விரல் வேர்த்து நூல் வழுக்காமல் ஒட்டியது. பவுடரைக் கொட்டிக் கொட்டிப் பின்னினேன். எப்படியோ 108 வரிசை முடித்துவிட்டுப் போன வாரம் இரண்டு கையையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். வலது பதினைந்தரை அங்குலம். இடது பதினாலு.

முதலில் வரிசையைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினேன். அதேதான், 108. அளவு நாடாவை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மார்கழியில் ஓர் அங்குலத்துக்கு ஏழு வரிசை. சித்திரையில் கிட்டத்தட்ட எட்டு. வேர்த்த விரல் நூலை இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஒவ்வொரு வரிசையும் துளித் துளியாகக் குட்டையாகியிருக்கிறது. நூற்றியெட்டு துளி சேர்ந்தால் ஒன்றரை அங்குலம்.

இரண்டையும் பிரித்துவிட்டேன். ஆமாம், நன்றாக இருந்த வலதையும்தான். அப்பா பதறிப் போனார். பிரித்த நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, நுனியில் அப்பாவின் பழைய எடைக்கல்லைக் கட்டினேன். ஒரு நாளில் சுருக்கம் போய்விட்டது. இந்தத் தடவை நடுவில் ஒயர் வைத்த நீள ஊசியில் இரண்டு கையையும் ஒன்றாக ஏற்றப் போகிறேன். இரண்டு உருண்டை நூல். ஒரு வரிசை வலது, உடனே அதே வரிசை இடது. வேர்த்தால் இரண்டுக்கும் வேர்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் அந்தக் காலத்திலேயே இதைத்தான் சொன்னார்கள். அப்போது எனக்குப் பொறுமை இல்லை.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது மண்டபத்துக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன இல்லையா, இப்போது எது எங்கே என்று தேடித் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு கடைக்காரர், "அசல் கம்பளி நூல்மா, கையில் பிடிச்சுப் பாருங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகக் கொடுத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் சத்தியம் எதற்கு? வீட்டுக்கு வந்து நுனியை இடுக்கியில் பிடித்து அகல் சுடரில் காட்டினேன். அசல் கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். இரண்டும் கெரட்டின் என்கிற ஒரே புரதம்தானே. சுடரை விலக்கினால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சொட்டியது. ஆறினதும் கடுகு மாதிரி கறுப்பு மணி. சுத்த அக்ரிலிக். அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொடைக்கானலில் இருக்கும் என் பழைய மாணவியிடம் சொல்லி வேறு நூல் வரவழைத்தேன். அதையும் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் ஏற்றினேன். அப்பா இதற்கு, "நல்ல வேளை, என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சுப் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக அதையே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ ஆறாவது படிக்கும்போது கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு செம்மறியின் முதுகில் கையை வைத்துவிட்டு, "அம்மா, பிசுக்கா இருக்கு" என்று என் சேலையில் துடைத்தாய். அந்தப் பிசுக்குக்கு லேனோலின் என்று பெயர், கம்பளியைக் கழுவும்போது பிரித்தெடுப்பார்கள். உதட்டுச் சாயத்திலும் முகப்பூச்சிலும் சேர்ப்பது அதுதான். கம்பளிக்கும் மேக்கப்புக்கும் உறவு உண்டு என்று சொல்ல வந்தேன். இனி டின்னுக்கு வருகிறேன்.

அலமாரியில் இருக்கும் டின்னைத் தூக்கிப் போடச் சொல்லி நீ போன வருஷம் சொன்னாய். "எல்லாம் எக்ஸ்பயரிம்மா." திறந்து பார்த்தேன். பதினாலு ஐ ஷேடோ. அதில் நாலில் நடுவில் தகரம் தெரிகிறது. சில டப்பாவின் அடியில் மூடி திறந்த ஜாடிப் படம் போட்டு உள்ளே 12 என்று இருக்கிறது, திறந்து பன்னிரண்டு மாதம் என்று கணக்கு. நீ சொன்னது சரிதான், கண்ணில் போடக் கூடாது. ஆனால் போடத்தான் கூடாது, பார்க்கலாம் இல்லையா?

ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் புறங்கையில் தேய்த்தேன். பிரஷ்ஷில் எடுத்தால் பாதி பறந்துவிடுகிறது, விரலால் அழுத்தினால்தான் பளபளப்பு உட்காருகிறது. ஏன் என்று உனக்குத் தெரியுமா? அது பொடி இல்லை, செதில். காக்காப் பொன் செதில், மைக்கா என்கிறார்களே அது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊரில் கிணறு வெட்டிக் கொட்டின மண்ணில் காக்காப் பொன் பொறுக்குவோம். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். அதையேதான் மாவாக அரைத்து, ஒவ்வொரு செதில் மேலும் டைட்டானியம் டை ஆக்சைடைப் படலமாகப் பூசுகிறார்கள். படலம் மெல்லிசாக இருந்தால் வெள்ளி. கொஞ்சம் தடித்தால் பொன். இன்னும் தடிக்கத் தடிக்கச் சிவப்பு, நீலம், பச்சை. சோப்பு நுரையில் நிறம் மாறுகிறதே, அதே கதை. சாயமே இல்லாமல் வெளிச்சத்தை வைத்தே நிறம் காட்டுகிற வித்தை. செம்பு நிறம் வேண்டும் என்றால் மேலே இரும்புத் துருவைப் பூசுவார்கள். விரலால் தடவும்போது செதில் எல்லாம் படுத்துக்கொள்கிறது. படுத்தால்தான் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும்.

டைட்டானியம் எடுக்கிற கரு மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. கன்னியாகுமரி டூரில் உன் செருப்பெல்லாம் அந்த மணல்தான் இருந்தது.

நீ ஒரு தடவை ஸ்காட்லாந்திலிருந்து பேசும்போது, "அபர்டீனில் மழை விட்டு வெயில் அடித்தால் வீட்டுச் சுவரெல்லாம் மினுக்குதும்மா" என்றாயே. கருங்கல்லில் இருக்கிற காக்காப் பொன்தான் அது. அதைக் கேட்டதிலிருந்து நீ ரொம்பத் தூரத்தில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

பதினாலு இப்போது இருபத்து மூன்றாகிவிட்டது. திட்டாதே. விளக்குத்தூண் பக்கம் வளையல் வாங்கப் போனால் ஒன்று, உன் சித்தியோடு போனால் ஒன்று என்று சேர்ந்துவிட்டது. ஜிகினாவைத் தொடுவதே இல்லை. அது பிளாஸ்டிக் தாளை நறுக்கினது, கண்ணில் விழுந்தால் கீறிவிடும். மினுக்கம் மட்டும்தான். பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்து, செயற்கை மைக்கா என்று போட்டிருந்தால்தான் வாங்குகிறேன். ஃப்ளூர்ஃப்ளோகோபைட் என்று இருக்கும். ஜார்க்கண்டில் கோடர்மா பக்கம் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் குழிக்குள் இறங்கி மைக்கா பொறுக்குகிறார்கள் என்று படித்ததிலிருந்து மற்றதை எடுக்கக் கை வரவில்லை. நாங்கள் பொறுக்கினது விளையாட்டுக்கு. செயற்கை இன்னும் பளிச்சென்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் ஒரு விபரீதம். சின்ன வட்ட டப்பாவில் உதிரிப் பொடியாக ஒரு வெள்ளி நிறம் வாங்கினேன். பூஜை அலமாரிப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் என்று அங்கே வைத்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்துவிட்டேன். அப்பா குளித்துவிட்டுக் கண்ணாடி இல்லாமல் வந்தார். மூன்று விரலையும் தோய்த்து நெற்றி நிறைய இழுத்துக்கொண்டு பழைய சொக்கநாதர் கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது டீக்கடைக்காரர், "என்ன சார், நெத்தியில லைட்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த மனிதர் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. மூன்று நாள் சோப்பு போட்டும் புருவத்தில் மின்னிக்கொண்டே இருந்தது.

அந்த மூன்று நாளும் எனக்கு உன் ஞாபகம்தான். உன் புருவத்திலும் அப்படித்தான் மின்னியது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, மாமா வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பும் நேரம், பச்சை மினுக்கம் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "என்னடி இது அரிதாரம்?" என்று கேட்டு, வாசலிலேயே, அத்தைமார் எல்லாம் பார்க்க, முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டேன். கண் சிவந்து போய்விட்டது. ரெப்பையில் செதில் ஒட்டியிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் உள்ளே போகத்தானே செய்யும்? வேதியியல் டீச்சருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல் என்று வகுப்பில் வாய் கிழியப் பேசிவிட்டு, பெற்ற பெண்ணிடம் அதை வசவாகச் சொன்னேன். நீ ஒன்றுமே பேசவில்லை. வேனில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு வீட்டில் நீ ஐ ஷேடோ போட்டு நான் பார்த்ததில்லை. வாங்கி வாங்கி டின்னில்தான் வைத்திருக்கிறாய். தகரம் தெரிகிற நாலும் ஹாஸ்டலில் போட்டுத் தீர்த்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் பண்ணினது தப்பு. இதை எழுதுவதற்குத்தான் பேப்பர் எடுத்தேன். ஸ்வெட்டர் கை அதற்குள் முந்திக்கொண்டது.

அந்தப் பச்சையை நான் சரியாகவே பார்த்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. நேராகப் பார்த்தால் மயில் கழுத்து, கையைச் சாய்த்தால் பழுப்புப் பொன். நம் வீட்டுப் பட்டுச் சேலை ஒன்றிலும் அப்படி ஒரு நிறம் இல்லை. நேற்று அப்பா தூங்கும்போது புதிதாக வாங்கின செம்பு நிறத்தில் துளி எடுத்து என் ரெப்பையில் தடவிப் பார்த்தேன். சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு என்ன பண்ணுவது என்று நீதான் சொல்ல வேண்டும், வீடியோ எல்லாம் பார்த்து எனக்குப் புரியவில்லை. அழித்துவிட்டுத்தான் பால் வாங்கப் போனேன். முழுசாக அழிந்ததா என்று தெரியாது. பால்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எனக்கு வேண்டியது உன் கை அளவு. போன தடவை நீ விட்டுவிட்டுப் போன சுடிதாரை வைத்து அளந்தேன், அது காலேஜ் காலத்து உடம்பு. யாரையாவது அளக்கச் சொல், நீயே அளந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். கையை லேசாக மடக்கி வைத்துக்கொள். அக்குளிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை ஒன்று, புஜத்தின் தடித்த இடத்தில் சுற்றளவு ஒன்று, மணிக்கட்டுச் சுற்றளவு ஒன்று. உள்ளே முழுக்கைச் சட்டை போடுவாயா என்பதையும் சொல், அதற்குத் தகுந்த மாதிரி நாலு கண்ணி கூட்ட வேண்டும். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது. நூல் காய்ந்துவிட்டது, ஊசி சும்மா கிடக்கிறது.

டின்னை ஸ்வெட்டரோடு சேர்த்து அனுப்பச் சொல்லாதே. உனக்குப் புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதை அனுப்புகிறேன். அந்தப் பச்சை என்னிடமே இருக்கட்டும்.

அம்மா