வியாழக்கிழமைச் சுற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். வலி இல்லையே, போதும் என்று அம்மா தட்டிக்கழிப்பார்கள், கேட்காதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாப்பிடும் நேரத்தில் அவள் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன்.

உங்கள் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து, சாலையோரம் படுத்திருப்பவர்களுக்கு ஏதாவது செய்யலாமென்று இருக்கிறீர்கள். போர்வை கொடுப்பதா, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதா, ஆறு வருஷமாகப் போய்வருகிற நீ சொல் என்று கேட்டிருந்தாய். எதைக் கொடுப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முடிவு செய்துவிட்டால், கையில் கொடுக்க ஒன்றுமே இல்லாத வாரத்திலும் போங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இப்படிப் போகப் போகத் தானாக வந்தது.

முதல் மாதம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மூடிய ஷட்டர் ஒன்றின் முன்னால் சாக்கை விரித்து ஒரு பெரியவர் சுருண்டு படுத்திருந்தார். குனிந்து தோளைத் தொட்டு எழுப்பினேன். அலறிக்கொண்டு எழுந்தவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தெருவில் தூங்குகிறவரை ராத்திரியில் ஒரு கை தொட்டால் அது திருட வந்த கையாக இருக்கும், இல்லாவிட்டால் விரட்ட வந்த கையாக இருக்கும். இது எனக்கு உறைக்க அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது தூங்குகிறவர்களை நாங்கள் எழுப்புவதே இல்லை. உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று தோன்றினால் மட்டும் குரல் கொடுப்போம். விழித்திருப்பவர் என்றால், கால்மாட்டுப் பக்கம் நாலடி தள்ளி நின்று மெதுவாகக் கூப்பிடுவோம். பதில் வந்தால் குத்துக்காலிட்டு உட்காருவோம். நின்றுகொண்டே பேசினால் விசாரிக்க வந்த ஆட்களைப் போலத்தான் தெரியும். டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உன் படுக்கையறைக்குள் நாலு பேர் நுழைந்து, உன்னை எழுப்பிப் பொட்டலத்தோடு நிறுத்திப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? அந்த நாலடி நடைபாதைதான் அவருக்குப் படுக்கையறை.

அந்தப் பெரியவர் நாலு மாதம் எங்களோடு பேசவில்லை. வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குப் போவோம், வணக்கம் சொல்வோம், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வந்துவிடுவோம். ஐந்தாவது மாதம் ஒரு வியாழன் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அடுத்த வாரம் போனபோது, "போன வாரம் ஏன் வரலை?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் ஒரு நிமிஷம்தான். மணி பதினொன்று வரைக்கும் உட்கார்ந்தே காத்திருந்தார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். காலில் புண் பழுத்திருந்தது. எங்களிடம் காட்டலாம் என்று அன்றைக்குத்தான் மனசு வந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் வீக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டோம். யார் வராவிட்டாலும் சரி, இன்னொருவர் போய், இன்னார் இன்ன காரணத்தால் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வர வேண்டும்.

கால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் இருப்பவர்களுக்கு முதலில் கெடுவது கால்தான். கழற்றி வைத்தால் திருடு போகும் என்று ஷூவோடேயே தூங்குவார்கள். மழையில் நனைந்தால் ஈரத்தோடேயே நாள் கணக்கில் இருப்பார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த அதே கால் நோய் இன்றைக்கு நகரத்து நடைபாதையில் வருகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜிம் ஓ'கானல் என்று ஒரு டாக்டர். 1985இல், பயிற்சி முடித்த கையோடு, வீடற்றவர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் ஒரே ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போவதாக இருந்தார். அங்கே காப்பகத்தில் பார்பரா மெக்கின்னிஸ் என்ற நர்ஸ், ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துவிடச் சொல்லி, வருகிறவர்களின் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் வேலையை அவருக்குக் கொடுத்தார். மருத்துவர் கீழே உட்கார்ந்திருப்பார், நோயாளி மேலே நாற்காலியில். வாரக் கணக்கில் கால் கழுவிய பிறகுதான் அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர்கள் தங்கள் நோயைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் என்று போன மனிதர் அந்த வேலையை விட்டு வரவே இல்லை. எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது, "இதுகூடத் தெரியாமலா டாக்டருக்குப் படிக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வியாழனே ஒரு பிளாஸ்டிக் பேசினோடு வந்து நின்றார்.

ஆக, கொடுப்பது என்றால் காலுறை கொடுங்கள். உலர்ந்த காலுறை, இரண்டிரண்டு ஜோடியாக. பெண்களுக்கு நாப்கின். போன் சார்ஜ் போட்டுத் தர பவர் பேங்க். போன் செத்துப்போனால் வேலைக்குக் கூப்பிடுகிறவருக்கு அவர் இல்லாத ஆள்தான். சாப்பாடு கொடுப்பதற்கு முன்னால், ஏற்கெனவே யார் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரே ராத்திரியில் மூன்று குழு வந்து கொடுப்பதையும், அடுத்த மூன்று நாள் ஒருவரும் எட்டிப் பார்க்காததையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்களே என்று உன் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தாய். எல்லோரும் கேட்பதுதான். கனடாவில் வான்கூவரில் 2018இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வீடிழந்து கொஞ்ச காலமே ஆன 50 பேருக்குத் தலா 7,500 கனடிய டாலரை ஒரே தவணையில், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பணம் கிடைக்காதவர்களைவிட இவர்கள் தெருவில் கழித்த நாட்கள் குறைவு. குடிக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. தீவிரமான போதைப் பழக்கமும் மனநோயும் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை, அதையும் உன் வீட்டில் சேர்த்தே சொல். எல்லோருக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்று எண்ணுவது தப்பு. கொஞ்ச காசை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுவதில் அவர்களுக்கு இருக்கிற கணக்கு எனக்குக் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் காகிதம். பெரியவர் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருப்பார். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். ஒரு நாள் எனக்கு மட்டும் திறந்து காட்டினார். மடித்து மடித்து நாலாகக் கிழிந்த ஒரு பள்ளிச் சான்றிதழ், எழுத்து அழிந்த ஒரு மருந்துச் சீட்டு, ஒரு பெண் குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம். அடையாள அட்டை இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று வந்து மூட்டையோடு அள்ளிப் போனதில் அதுவும் போய்விட்டது. புது அட்டை வாங்க முகவரி வேண்டும். முகவரி வேண்டுமானால் வீடு வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால் அட்டை எங்கே என்கிறார்கள். அவரோடு ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தேன். ஏழாவது தடவை, கவுன்ட்டரில் இருந்தவர் பெரியவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இவருக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டார். பெரியவர் காதில் அது விழுந்தது. திரும்பி நடக்கும்போது வழி முழுக்க அவர் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தனியாகப் போயிருந்தால் முதல் தடவையோடு விட்டிருப்பார். கூடப் போவதற்கு ஓர் ஆள் இருப்பதுதான் உங்களால் கொடுக்கக்கூடிய பெரிய பொருள், அதை எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்று. நீங்கள் நடைபாதையில் பார்ப்பவர்கள் மட்டும் வீடற்றவர்கள் இல்லை. ஐரோப்பாவில் வீடற்றோருக்காக வேலை செய்யும் அமைப்புகள் 2005இல் ஒரு வகைப்பாடு செய்தன: கூரையே இல்லாதவர், காப்பகத்தில் இருப்பவர், எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் இருப்பவர், வாழத் தகுதியில்லாத இடத்தில் இருப்பவர் என்று. பெண்கள் பெரும்பாலும் முதல் வகையில் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணை போல உட்கார்ந்திருப்பார்கள், அடிக்கிறவன் என்று தெரிந்தே ஒருவனோடு தங்குவார்கள். ஆகவே உங்கள் குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். சுற்றையும் ராத்திரியில் மட்டும் வைத்தால் போதாது.

சரி, வாரா வாரம் போகிறோம், பேசுகிறோம், அப்புறம்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்தது. முன்பெல்லாம் எங்கும் ஒரே முறைதான். முதலில் குடியை விடு, மருந்து சாப்பிடு, காப்பகத்தில் ஒழுங்காக இரு, அப்புறம் வீடு பற்றிப் பேசலாம். படி ஏறுவது போல. பாதிப் பேர் பாதிப் படியிலேயே விழுந்தார்கள். நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் இதைத் தலைகீழாக மாற்றினார். வீட்டை முதலில் கொடு, சாவியைக் கையில் கொடு, மற்றதெல்லாம் அவர் கேட்கும்போது அந்த வீட்டுக்கே போய்ச் செய். கனடா 2009இல் தொடங்கி ஐந்து நகரங்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்து இதை ஒப்பிட்டுப் பார்த்தது. கடைசி ஆறு மாதத்தில், வீடு முதலில் கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் ஒரு நாளும் வீடில்லாமல் இருக்கவில்லை. வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களில் அது 31 சதவீதம். பின்லாந்து 2008இலிருந்து காப்பகக் கட்டடங்களையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. ஹெல்சின்கியில் 1985இல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகப் படுக்கைகள் 2016இல் 52 ஆகக் குறைந்தன. படுக்கைகளைக் குறைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. படுக்கைக்குக் கதவு கிடையாது, நண்பா. காலையில் எழுந்து வெளியே போ என்பார்கள். 2024இல் அங்கேயும் பல வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக வீடற்றோர் எண்ணிக்கை ஏறியது. ஒரு தடவை செய்து முடித்துவிட்டோம் என்று உட்கார முடியாத வேலை இது.

எங்களைப் போன்ற சின்னக் குழுவால் வீடு கட்ட முடியாது. ஆனால் வாடகைக்கு விட மனசிருப்பவரைத் தேடிப் பிடிக்கலாம், ஏதாவது தகராறு வந்தால் ராத்திரி எந்நேரமும் எனக்குப் போன் போடுங்கள் என்று அவருக்குச் சொல்லலாம். பெரியவருக்கு அப்படித்தான் ஓர் அறை கிடைத்தது, மூன்றாவது வருஷம்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முதல் வாரம் போய்ப் பார்த்தால், கட்டிலை விட்டுவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருக்கிறார். செருப்பு தலைமாட்டில். தெருச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். அதைவிட, பேச ஆளில்லை என்றார். நடைபாதையில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார்கள். இங்கே நாலு சுவர். இரண்டு ராத்திரி பழைய ஷட்டருக்கே போய்ப் படுத்திருக்கிறார். நியூயார்க்கில் 1990களில் ஒரு முறை உருவாக்கினார்கள்: காப்பகத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவரோடு ஒன்பது மாதம் ஒரே ஆள் கூடவே இருப்பார், முதல் மூன்று மாதம் நெருக்கமாக, அப்புறம் அக்கம்பக்கத்தில் பழக்கம் பிடித்துக்கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். அதைப் பற்றிப் படிக்காமலேயே நாங்கள் கிட்டத்தட்ட அதையேதான் செய்திருக்கிறோம் என்று பின்னால் தெரிந்தது. வியாழக்கிழமைச் சுற்றில் அந்த அறையையும் சேர்த்துக்கொண்டோம். கடைசி நிறுத்தம் அதுதான்.

போன வியாழன் போனேன். நான் தட்டியதும் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. திறந்துவிட்டு, "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். ஆறு வருஷமாக அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் நான். அந்த அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலில் விரிப்பு கசங்கியிருந்ததைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் அந்தப் பெண் குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் பை ஆணியில் தொங்கியது.

காலுறைகளை ஜோடி சேர்த்து வைக்க வேண்டும், நாளைக்கு வியாழன். நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி எந்தக் கிழமை என்று முடிவானதும் எனக்கு எழுது. முதல் சுற்றுக்கு நானும் வந்து உன்னோடு நடக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்