அரசு உதவி பெறும் கல்லூரி இடங்களை அதிகமாக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிப் படிப்பால் பலன் பெறுவது மாணவன்தானே, செலவை அரசு ஏன் சுமக்க வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தாராவி 90 அடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் இங்கே நான் பார்ப்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

கூடையில் இட்லி சுமந்து விற்கும் ஒரு அம்மா, பி.எஸ்சி. ஐ.டி.யில் இடம் கிடைத்த மகளோடு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மாமனாரின் ரேஷன் கார்டு, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது. உதவித்தொகைக்குப் பிற்பட்டோர் சான்றிதழ் வேண்டும். அதற்கு 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோர் என்றால் 1950. மாமனார் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தது 1964-ல். கார்டில் இருப்பதோ 1971. சான்றிதழ் கிடைக்கவில்லை.

பிற்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவுகளில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பெண்களின் தொழிற்கல்விக் கட்டணத்தை 2024-ல் மகாராஷ்டிர அரசு ஏற்றுக்கொண்டது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிரிவில் சேரவும் இதே சான்றிதழ்தானே வேண்டும்? தமிழ்நாட்டில் என் அக்கா மகன் முதல் பட்டதாரி சலுகையில் இன்ஜினியரிங் முடித்தான். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்த அதே கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இந்த அலைச்சல் கிடையாது. அது அரசு உதவி பெறும் வகுப்பு. ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுப்பதால் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிகிறது. தாத்தா எப்போது வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த அறையில் நடக்கும் ஐ.டி. சுயநிதி வகுப்பு, கட்டணம் பல மடங்கு. வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் ஆசைப்படும் படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியில்தான் இருக்கின்றன. அவற்றையும் உதவி பெறும் வகுப்புகளாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பணம் நேராகக் கல்லூரிக்குப் போகட்டும்.

வங்கிக் கடன் இருக்கிறதே என்கிறார் அந்த வாசகர். ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் பெற்றோரின் வருமானத்துக்குச் சான்று கேட்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது?

அந்தப் பெண் ஐ.டி.யில்தான் சேர்ந்திருக்கிறாள். முதல் தவணைக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அடுத்த தவணை டிசம்பரில்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தாராவி, மும்பை – 17