எங்கள் சங்கம் கம்ப்யூட்டரில் அடித்து வைத்த விவரங்களைத் திருப்பித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
சிறு தேயிலை விவசாயிகள் சங்கம்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: இலவசம் என்று விளம்பரம் செய்து கொடுத்த உங்கள் ஆவண மென்பொருளில் சிக்கியிருக்கும் எங்கள் விவரங்களையும், கட்டிய சந்தாவையும் திரும்பப் பெறுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் அனுப்பிய மெயில்களுக்கெல்லாம் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்துகொண்டிருக்கிறது. போன் செய்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் பாட்டுப் போட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த முறை காகிதத்தில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதத்தை யாராவது படித்துத்தானே ஆக வேண்டும்.

எங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பதை உங்கள் ஆட்களுக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது. உங்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. எங்கள் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான். நிலம் கொஞ்சமாக இருந்தாலும் காகிதத்துக்குக் குறைவில்லை. தாத்தா பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டா, சிட்டா, விஏஓ கொடுத்த அனுபோகச் சான்று, வில்லங்கச் சான்றிதழ், தேயிலை வாரிய அடையாள அட்டையின் நகல், ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை போட்ட ரசீது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு இருக்கிறது. மானியமோ பயிர்க்கடனோ எதற்குப் போனாலும் இதில் ஒன்றைக் கேட்பார்கள். வீட்டில் தேடினால் கிடைக்காது, சங்கத்துக்குத்தான் ஓடி வருவார்கள். அத்தனையும் எங்கள் தகரப் பெட்டிகளில் இருந்தன. நவம்பர் மழையும் பனிமூட்டமும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே காகிதத்துக்குப் பூஞ்சை ஏற்றிவிடும் ஊர் இது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஊர், சர்வே நம்பர், உட்பிரிவு, பட்டாதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஆவண வகை, வருஷம் என்று கீவேர்டு ஃபீல்டு கொடுத்துவிட்டால் ஆள் வந்து நிற்கும்போதே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். சந்தாப் பணத்தில் ஓடும் சங்கம் என்பதால் இலவச மென்பொருளாகத் தேடினோம். உங்கள் விளம்பரம் முதலில் வந்து நின்றது. "என்றும் இலவசம், எத்தனை ஃபீல்டு வேண்டுமானாலும், நொடியில் தேடலாம்" என்று இருந்தது. படம் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தில் "என்றும்" மட்டும் காணாமல் போயிருக்கிறது, அதையும் படம் பிடித்துவிட்டேன்.

முதலில் தேடலைப் பற்றிச் சொல்கிறேன். 214/3ஏ2 என்று தேடினால் உங்கள் மென்பொருள் நடுவில் உள்ள சாய்கோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அப்புறம் 214 வரும் இடம், 3ஏ2 வரும் இடம் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுகிறது. தமிழ்நாட்டில் நிலக் காகிதம் வைத்திருக்கும் எவருக்கும் சாய்கோடு இல்லாத உட்பிரிவு கிடையாது. இது தெரியாமலா "நில ஆவணங்களுக்கு ஏற்றது" என்று போட்டீர்கள்?

தமிழ் அதைவிட மோசம். எங்கள் பழைய உறுப்பினர் பட்டியல் வானவில் எழுத்துருவில் அடித்தது. அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றித்தான் ஏற்றினோம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், "கோ" என்ற எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். இரண்டையும் சமமாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் யூனிகோடு தரம். உங்கள் தேடலுக்கோ அவை வேறு வேறு. விளைவு, கோத்தகிரி என்று அடித்தால் பாதி கோத்தகிரி வருவதில்லை. போஜன் என்று அடித்தால் பாதிப் போஜன்கள் வருவதில்லை. எங்கள் ஹட்டிகளில், அதாவது எங்கள் மலை ஊர்களில், போஜன் இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்! போஜன் மகன் மாதன், மாதன் மகன் போஜன் என்று தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் எங்களுடையது. அதனால்தான் தகப்பனார் பெயருக்குத் தனி ஃபீல்டு கேட்டோம். இதை விளக்கிச் சொன்னபோதுதான் உங்கள் ஊழியர் ஒருவர் சிரித்தார்.

அவரைப் பற்றி எழுதாமல் அடுத்த விஷயத்துக்குப் போக முடியவில்லை. பெயர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார், ஆனால் உங்கள் பதிவில் குரல் இருக்கும், "தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்கள்தானே முதலில் சொல்கிறீர்கள். ஓகாரத்தைப் பற்றி நான் பாதி சொல்லும்போதே, "மேடம், உங்க ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார். ஃபேக்டரி அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். டாஸ் திரையில் பச்சைத் தேயிலைக் கணக்கு ஏற்றிய காலத்தில் இந்தத் தம்பி பிறந்திருக்கவே மாட்டார். மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். "இலவசமா வாங்கிட்டு இவ்வளவு பேசுறீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போது நாங்கள் ஒரு வருஷச் சந்தா கட்டி முடித்திருந்தோம். ரசீது இணைத்திருக்கிறேன்.

ஏன் கட்டினோம் என்றால், 500 ஆவணம் ஏற்றியதும் உங்கள் இலவசப் பதிப்பு நின்றுபோனது. எங்களிடம் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. சரி, இத்தோடு நிறுத்திக்கொள்வோம், ஏற்றியதை மட்டுமாவது தேடிக்கொள்வோம் என்று பார்த்தால், அடுத்த மாதம் ஃபீல்டு வழியாகத் தேடும் அந்த மூன்றாவது டேப்பே சாம்பல் நிறமாகிவிட்டது. "ப்ரீமியம் வசதி" என்று வருகிறது. தேடத்தானே ஏற்றினோம்? ஏற்றும்போது இல்லாத விலை, எடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? கமிட்டியைக் கூட்டி, ஆளாளுக்கு என்னைத் திட்டி, கடைசியில் பணம் கட்டினோம். ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம்.

வெளியே எடுத்தோம். இங்கேதான் நீங்கள் எங்கள் கழுத்தில் கத்தி வைத்தீர்கள். அந்த நீல நிற "ஏற்றுமதி" பொத்தானை அழுத்தினால் பிடிஎஃப் மட்டும் வருகிறது. கோப்புப் பெயர் முழுக்க அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாக இருக்கிறது. சர்வே நம்பர் எங்கே, பட்டாதாரர் எங்கே, வருஷம் எங்கே? ஒன்றும் இல்லை. விவரங்களை வரிசையாகக் காட்டும் சிஎஸ்வி பட்டியல் இல்லை, எக்ஸெல் இல்லை. எங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகள் லீவு நாட்களில் வந்து உட்கார்ந்து, மங்கிப்போன பத்திரங்களை லென்ஸ் வைத்துப் படித்து அடித்த விவரம் அது. அந்த உழைப்பு முழுவதும் உங்கள் சர்வரில் இருக்கிறது, எங்கள் கையில் வெறும் படங்கள். ஸ்கேன் எடுக்க ஊரில் கடை இருக்கிறது, அதற்கு நீங்கள் தேவையில்லை. ஃபீல்டுகளுக்காகத்தான் உங்களிடம் வந்தோம்.

இதற்குத்தான் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். "சிஸ்டத்தோட வாங்க, அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்துடுவாங்க" என்று மெயிலிலேயே இருக்கிறது. நானும் எங்கள் பொருளாளர் அண்ணாவும் சிபியூவைக் கம்பளியில் சுற்றி, மழை நாளில் மேட்டுப்பாளையம் வரை ஜீப்பில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். கோத்தகிரி மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அண்ணா அதைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு முழங்கால் வலி. உங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே போனால், "இது ஆன்லைன் சர்வீஸ்தானே, சிபியூவை ஏன் தூக்கிட்டு வந்தீங்க" என்று கேட்டார்கள். மெயிலைக் காட்டினேன். "அது வேற டீம்" என்றார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சாயந்திரம் வரை உட்கார வைத்துவிட்டு, ஏற்றுமதி வசதி "ரோட்மேப்பில் இருக்கிறது", அதாவது இனிமேல்தான் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் சேரும்போது நடுராத்திரி. அண்ணா இன்று வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. அந்த ஒரு நாளுக்கே நீங்கள் தனியாக ஈடு கட்ட வேண்டும்.

நஷ்டம் என்னவென்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் இருபது எழுத்துக்கு மேல் அடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். சங்கத்தின் பெயர் போயிற்று. அனுபோகச் சான்று நகல் நேரத்துக்குக் கிடைக்காமல் உறுப்பினர் ஒருவரின் கடன் விண்ணப்பம் தேதி தாண்டிப் போயிற்று. அவர் வீட்டில் நடந்த சண்டைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. இந்த சீசன் முழுவதும் சங்க வேலை ஒன்றுமே நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த காகிதத்தை நீங்கள் ஒரே வருஷத்தில் பயனில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். ஐந்து லட்சம் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

"ஃப்ரீயா கிடைக்கிறதுல ஃபீல்டு, ஏற்றுமதி இதெல்லாம் எங்கயுமே இருக்காது மேடம்" என்று உங்கள் இன்னொரு ஊழியர், இவர் மரியாதையானவர், சொன்னார். இருக்கிறது. என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது காட்டினான். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவாகி, யுனெஸ்கோவும் சேர்ந்து பரப்பிய கிரீன்ஸ்டோன் என்ற மென்பொருள் இருக்கிறது. நாம் கொடுக்கும் விவரங்களைச் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கிறது, நோட்பேடில் திறந்தே படிக்கலாம். பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மென்பொருள் இருக்கிறது. நம் விருப்பப்படி ஃபீல்டு வைத்துக்கொள்ளலாம், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் வழியாகத் தமிழ் எழுத்தையும் படிக்க வைக்கலாம், ஏற்றுமதி செய்தால் கோப்போடு ஃபீல்டு விவரங்களும் சேர்ந்தே வெளியே வருகின்றன. இரண்டுமே யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று விட்டுவைக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை, ஒரு பைசா கேட்பதில்லை. பேப்பர்லெஸ்ஸை நிறுவுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், அதை ஓட்ட டாக்கர் என்ற இன்னொரு மென்பொருள், அது இது என்று அவன் ஒரு ராத்திரி முழுக்க மல்லாடினான். ஆனால் ஓடுகிறது, எங்கள் அலுவலக அறையிலேயே ஓடுகிறது, மழையில் நெட் போனாலும் ஓடுகிறது. காசு வாங்காதவர்கள் கொடுப்பதைக் காசு வாங்கிய நீங்கள் ஏன் கொடுக்கவில்லை?

புதிதாக ஏற்றுவதை இனி அதில் ஏற்றிக்கொள்வோம். உங்களிடம் இருப்பதைத்தான் மறுபடி அடிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே போய்விட்டார்கள்.

ஆகவே தயவுசெய்து, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எங்கள் கணக்கில் உள்ள எல்லா ஃபீல்டு விவரங்களையும், எந்த விவரம் எந்தக் கோப்புக்கு உரியது என்று தெரியும்படி, சிஎஸ்வி அல்லது எக்ஸெல் கோப்பாக அனுப்பி வையுங்கள். உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது, உங்கள் இன்ஜினீயர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. ஒரு வருஷச் சந்தாவையும் கோயம்புத்தூர் போய் வந்த செலவையும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை எங்கள் கணக்கை முடக்கவோ அழிக்கவோ கூடாது.

இல்லையென்றால் நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள்தான் ஊட்டிக்கு, மாவட்ட ஆணையத்துக்கு ஏறி வர வேண்டும். நாங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமே கிடையாது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதையும் சந்தா வலையில் மாட்டிவிடுவதையும் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் ஆன்லைன் உத்திகள்) வழிகாட்டு நெறிகளை உங்கள் சட்டப் பிரிவு படித்திருக்கும். நாங்களும் படித்துவிட்டோம்.

இவ்வளவு எழுதியதும் கோபத்தில்தான், தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அந்தக் கோப்பு வந்துவிட்டால் மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

போனில் பேச வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் அழையுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் இங்கே சிக்னல் கிடைக்காது. அந்தத் தம்பியை மட்டும் பேச விட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
சங்கத்தின் கமிட்டிக்காக.

இணைப்பு: சந்தா ரசீது, விளம்பரப் படங்கள், கோயம்புத்தூர் வரச் சொன்ன மெயிலின் நகல், பஸ் டிக்கெட்டுகள்.