மயெல்லா மலையைக் கடந்த கதை

அன்புள்ள மணி,

பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தையும் தாயும் நலம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இத்தாலிப் பயணம். அங்கே சுல்மோனாவிலிருந்து காசோலி வரை, மயெல்லா மலையைத் தாண்டி நடந்துவிட்டு வந்தேன். அந்த வழிக்கு 'விடுதலைப் பாதை' என்று பெயர்.

சுல்மோனாவுக்குப் பக்கத்தில், மொரோனே மலையடிவாரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது 78-ஆம் எண் போர்க்கைதி முகாம் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் சுமார் 3,000 பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். 1943 செப்டம்பர் 8 அன்று, அதுவரை ஜெர்மனியோடு சேர்ந்திருந்த இத்தாலி போரிலிருந்து விலகியதும் இத்தாலியக் காவலர்கள் கலைந்தார்கள். ஆனால் லண்டனிலிருந்து ஏற்கெனவே ரகசிய உத்தரவு வந்திருந்தது: நேசநாட்டுப் படைகள் வரும்வரை முகாமிலேயே இருங்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்த எத்தனையோ முகாம்களுக்குள் ஜெர்மானியர்கள் நுழைந்து, கைதிகளை ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. உத்தரவை மீறி, மலைக்கு அந்தப்பக்கம் இருந்த நேசநாட்டுப் படைகளை நோக்கி மலையேறியவர்களில்தான் பலர் பிழைத்தார்கள்.

கம்போ தி ஜோவே என்ற ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 1,674 மீட்டர் உயரத்தில் குவாதோ தி கோச்சா கணவாய். நாங்கள் போனது ஏப்ரல் கடைசியில், பாறைகளில் சிவப்பு வெள்ளை அடையாளம் பார்த்துப் பார்த்து. அவர்கள் போனது பனிக்காலத்தில், இரவில், கிழிந்த பூட்சோடு. கணவாயில் எத்தோரே தெ கோர்த்தி என்ற இத்தாலிய லெப்டினன்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. அங்கே ஜெர்மானியர் கையில் இறந்தவர். 1944 மார்ச்சில் இதே மலையைக் கடந்தவர்களில் கார்லோ அசேலியோ சாம்பி என்ற இளம் ராணுவ அதிகாரியும் ஒருவர். பின்னாளில் இத்தாலியின் ஜனாதிபதியானார். 2001-இல் இந்தப் பாதையைத் தொடங்கிவைத்ததும் அவர்தான்.

ஆனால் மணி, நடக்க நடக்க என் நினைப்பெல்லாம் தப்பியவர்களை விட்டு, அவர்களுக்குக் கதவு திறந்தவர்கள் பக்கம் போய்விட்டது. தப்பி ஓடுபவனுக்கு வேறு வழியில்லை, ஓடுகிறான். அந்த மலைக்காரர்களுக்கு என்ன கட்டாயம்? ஆட்டு மந்தையும் கொஞ்சம் உருளைக்கிழங்கும்தான் சொத்து. கைதிக்குச் சோறு போட்டால் சாவு என்று ஜெர்மானியர் அறிவித்திருந்தார்கள். அன்வெர்சா ஊர் மேய்ப்பர் மிக்கேலே தெல் கிரேக்கோவை அதற்காகவே 1943 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அப்படியும் கதவு மூடவில்லை. பாஷை தெரியாத, நேற்றுவரை எதிரிப்படையில் இருந்த பையன்களுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, தொழுவத்தில் படுக்க வைத்து, மேய்ப்பர் மட்டுமே அறிந்த தடங்களில் கூட்டிப்போனார்கள். வழிநெடுக ஊர்க்காரர்கள் எங்களுக்கும் சாப்பாடு கொடுத்தார்கள். அந்தக் கைகளைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம், முக்கியமான விஷயம். சுல்மோனாவுக்கு மேற்கே அவெட்சானோவிலும் ஒரு முகாம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் இந்தியர்கள். அவர்களில் ஒருவர் உன் ஊர்ப்பக்கத்துக்காரர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், டாக்டர் சுப்பராயனின் மகன் பி.பி. குமாரமங்கலம்! 1942-இல் லிபியாவில் பீர் ஹக்கீம் அருகே நடந்த சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றவர். பிறகு கைதியாகி, முகாமிலிருந்து தப்பி, மலையில் விழுந்து கணுக்கால் ஒடிந்து மறுபடி பிடிபட்டார். ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். 1966-இல் நம் தரைப்படைத் தளபதியானார். சரளைச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் அந்தக் கணுக்கால்தான் ஞாபகம் வந்தது.

அந்த மலையில் அவருக்கும் யாரோ ரொட்டி கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைப்பற்றி அவர் ஊரில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? குமாரமங்கலத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால் விசாரித்து எழுது. உன் மருமகனுக்கு அங்கே சொந்தக்காரர்கள் உண்டு என்றாயே, அவர்களிடமும் கேள். தெரிந்தால் அடுத்த வருஷம் நாம் இருவரும் அவெட்சானோவிலிருந்தே நடந்து பார்க்கலாம். முழங்காலை அதற்குள் டாக்டரிடம் காட்டிவிடு.

அன்புடன்,
சுந்தரம்