கம்பியச்சை விற்க வேண்டாம்

போர்ட்ஸ்ஹைம், ஜெர்மனி
பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. தொலைபேசியில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நீங்கள் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நானோ மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. பேசும்போதெல்லாம் வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எழுத்தில் புள்ளிகளெல்லாம் விலகி விலகி விழுந்திருக்கின்றன. கண்ணாடி இல்லாமல் திருகாணிக்கு மரை போட்டவர் நீங்கள். கண்ணை யாரிடமாவது காட்டினீர்களா இல்லையா? அதைப் பிறகு கேட்கிறேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இங்கே பிப்ரவரி 23 அன்று இருட்டிய பிறகு எல்லாத் தேவாலயங்களிலும் மணி அடிப்பார்கள். 1945இல் அதே நாளில் பிரிட்டிஷ் விமானங்கள் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் இந்த ஊர்மேல் குண்டு போட்டன. 17,000 பேருக்கு மேல் செத்தார்கள். இடிபாடுகளை அள்ளிக் கொட்டியதில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றே உயர்ந்துவிட்டது. மணி ஓயும்வரை கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மணி நின்றதும் கைப்பிடிக் கட்டையை விரலால் தடவி, தூசி இருக்கிறது என்று என்னிடம் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்தப் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர் இவர்தான். முப்பத்தொரு வருடம் சங்கிலித் தொழிற்சாலையில் வளையம் வளையமாகப் பற்றவைத்தவர். ஆனால் உடம்பில் ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. கேட்டால், நாள் முழுக்கப் பார்த்தது போதாதா என்கிறார். அவருடைய பாட்டி காலத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு விடியுமுன்னே ஆயிரக்கணக்கானவர்கள் நகைத் தொழிற்சாலைகளுக்கு நடந்து வருவார்களாம். அந்தச் சத்தத்தை வைத்து அவர்களுக்கு 'ராஸ்லர்' என்றே பெயர். ஊரில் அவர்களுக்குச் சிலைகூட உண்டு. தொழிலாளிக்குச் சிலை வைத்த ஊர் என்பதை நீங்கள் சங்கத்தில் சொல்லலாம்.

நம்மைப் போலப் பரம்பரையாக வந்த தொழில் இல்லை இது. 1767இல் இந்தப் பகுதியை ஆண்ட கார்ல் ஃபிரீட்ரிஷ், அனாதை விடுதிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதற்காகக் கடிகாரமும் நகையும் செய்யும் பட்டறையைத் தொடங்கிவைத்தார். அதிலிருந்து வளர்ந்து இன்று 'தங்க நகரம்' என்று பெயர். பட்டறைக் குப்பைக்கு மட்டும் நம் ஊருக்கு இருக்கிற அதே மரியாதை இங்கேயும் இருக்கிறது. கூட்டிய தூசி, கை கழுவிய தண்ணீர், பழைய துணி எதையும் கொட்டவிட மாட்டார்கள். சேர்த்துவைத்துச் சுத்திகரிப்பவர்களிடம் கொடுக்கிறார்கள். மண் அரிக்க வருகிறவரிடம் நீங்கள் பேரம் பேசுவது நினைவுக்கு வந்து, முதல் நாளே தனியாகச் சிரித்தேன்.

சாப்பாடு பற்றி அம்மா கேட்டிருந்தார். நன்றாகச் சாப்பிடுகிறேன். பிரெட்ஸல் என்று ஒரு ரொட்டி, முடிச்சுப் போட்ட கம்பி மாதிரி. அதைக் காரச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துச் சுடுகிறார்கள்! நாம் நகையை முக்குவது போல இவர்கள் ரொட்டியை முக்குகிறார்கள். மேலே பழுப்பாக, மெருகு போட்டது போல வரும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் பாதி விலை. எனக்கு மாலையில்தான் பசிக்கிறது, அதனால் சௌகரியம். அறையில் சூடு போடும் கருவி இருக்கிறது. எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை, இரண்டு ஸ்வெட்டரே போதும். இந்த மாதம் பட்டறையில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று, படிக்க நேரம் கிடைக்கிறது. ஆற்றங்கரையில் நடக்கவும் போகிறேன். இங்கே காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்துக்குள் போட்டால் 25 சென்ட் தரும். நடக்கிற வழியில் கிடந்தால் எடுத்துப் போடுகிறேன். ஊர் சுத்தமாக இருக்குமில்லையா.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி காட்டிய படத்தைப் பார்த்து, "ரப்பரைக் கையில் மாட்டிக்கொண்டு நகை என்கிறார்களாமே, இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரப்பர் வளையலைச் செய்தவர் ஓட்டோ கூன்ஸ்லி என்ற சுவிஸ்காரர், 1980இல். கறுப்பு ரப்பர் குழாய், ஓரிடத்தில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்கக் குண்டு இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் நகை போயிற்று. அதற்கு அவர் வைத்த பெயர் 'தங்கம் கண்ணை மறைக்கும்'. நாம் வெளியே தங்கத் தகடும் உள்ளே அரக்குமாக வளையல் செய்கிறோம். இவர் அதை உள்வெளியாகத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். உங்கள் உரைகல்லை எங்கே வைத்துத் தேய்ப்பீர்கள்? வாங்குகிறவன் செய்தவனை நம்பியாக வேண்டும். உங்களிடம் வருகிறவர்களும் அப்படித்தானே வருகிறார்கள்?

எல்லாரையும் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டெட் நோட்டன் என்ற டச்சுக்காரர், செத்த சுண்டெலியின் கழுத்தில் குட்டி முத்துமாலை போட்டு, அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் உறையவைத்துப் பதக்கம் ஆக்கியிருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர் உடைந்த பாட்டில்களின் கழுத்துகளைக் கோத்து மாலை செய்தார். எனக்கு முழுப் பாட்டிலாகக் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. நான் படிக்கும் இந்த ஊர் நகைப் பள்ளியில் படித்துப் போன கார்ல் ஃப்ரிட்ஷின் மோதிரங்களில் மெழுகைப் பிசைந்த விரல் அடையாளம் அப்படியே வார்ப்பில் நிற்கும், கற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நீங்கள் பார்த்தால், "இன்னும் அரமே போடவில்லையே" என்பீர்கள்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். 1979இல் நீஸிங் என்ற ஜெர்மன் பட்டறை வெளியிட்ட மோதிரம். கல்லைப் பிடிக்க நகமும் இல்லை, கூடும் இல்லை. வளையம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அந்த இரண்டு முனைகளும் நெருக்குகிற நெருக்கில் வைரம் நடுவே நிற்கிறது. நாலு பக்கமும் வெளிச்சம் போய் வருகிறது. முதலில் பார்த்தபோது கல் விழுந்துவிடுமோ என்று கையைக் கீழே கொண்டுபோய்விட்டேன்.

இவர்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, அதுதான் எனக்கும் புரிய வெகுநாள் ஆயிற்று. எல்ஸா பெரெட்டி என்று ஓர் இத்தாலியப் பெண்மணி, 2021இல் காலமானார். சிறுமியாக இருந்தபோது ஆயாவோடு ஒரு பழைய மடத்தின் நிலவறைக்குப் போவாராம். அங்கே துறவிகளின் எலும்புகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இந்தக் குழந்தை ஒன்றிரண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுமாம், அம்மாக்காரி திருப்பி அனுப்புவாராம். பெரியவளானதும் மணிக்கட்டு எலும்பின் மேட்டுக்கு ஏற்ப வளைந்து உட்காரும் கடகம் செய்தார், இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனி. ஃபிரீட்ரிஷ் பெக்கர் விமானப் பொறியியல் படித்தவர். அவர் மோதிரங்களில் கை அசைந்தால் பாகங்கள் சுழலும். ஆக, யாரும் எங்கேயும் தேடிப் போகவில்லை. கண்ணில் ஏற்கெனவே கிடந்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பள்ளியில் எங்களுக்கும் அப்படி ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உன்னுடையது என்று ஒன்றைக் கொண்டு வா, அதிலிருந்து நகை செய் என்றார் ஆசிரியை. ஒருத்தி பெரணி இலை கொண்டுவந்தாள், ஒருவன் சைக்கிள் சங்கிலி. நான் மயிலும் மாங்காயும் வரைந்து கொண்டுபோனேன், நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே வளைவுகள். ஆசிரியை நிதானமாகப் பார்த்து, "ரொம்ப அழகு. இது யாருடையது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுவாரம் நூலகத்தில் ஒரு படம் பார்த்தேன். கைஸ் பக்கர் என்பவர் 1973இல் செய்தது. மெல்லிய தங்கக் கம்பியைக் கையில் இறுக்கிச் சுற்றி, பிறகு எடுத்துவிடுகிறார். தோலில் பதிந்த தடம்தான் நகை என்கிறார். படத்தில் வெறும் கை, ஒரு கோடு, அவ்வளவுதான். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். எனக்கு அம்மாவின் கழுத்துதான் தெரிந்தது. என்னை வழியனுப்ப வந்தபோது புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். தலைப்பு விலகியபோது, சங்கிலி இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு கோடு. இருபத்தேழு வருடம் வெயில் படாத இடம். நான் பார்க்காதது போல டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, அந்தக் கோடு இப்போதும் இருக்கிறதா, மறைந்துவிட்டதா?

ஒரு பித்தளைச் சங்கிலி வாங்கினேன். வெள்ளித் தகட்டைக் காய்ச்சி மிருதுவாக்கி, சங்கிலியை அதன்மேல் வைத்து, தகடு இழுக்கும் உருளைக்குள் விட்டேன். சங்கிலி நசுங்கிப் போயிற்று. தகட்டில் கண்ணி கண்ணியாகத் தடம் விழுந்தது. அதைக் கழுத்து வளைவுக்கு வளைத்து, ஓரத்துக்கு மட்டும் அரம் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். என் அம்மாவுடையது என்றேன். அதற்குமேல் என்னென்னவோ கேட்டார். ஊதுகிற இடத்தில் புகை, கண் எரிகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

போதும். வீட்டு விஷயம் பேசுவோம்.

அடகுச் சீட்டு பீரோவில் மேல்தட்டில் ரேஷன் கார்டுக்குப் பின்னால் இருக்கிறது. கெடு சித்திரையில் முடிகிறது. நான் மார்ச் கடைசியில் பணம் அனுப்புகிறேன். கொஞ்சம் முன்பின் ஆனாலும் வட்டியையாவது கட்டிவிடுங்கள், ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். பெரியப்பாவிடம் கேட்க வேண்டாம். அவர் கொடுத்துவிடுவார், பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிவிடுவார். தம்பி கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நகைக்கடையில் கணக்கு எழுதப் போகிறேன் என்கிறானாமே, போகட்டும், திட்டாதீர்கள். அவன் கை பட்டறைக்கு வந்த கை இல்லை.

பட்டறையை மூடிவிட்டுச் சாமான்களைக் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். குமுட்டியைக் கொடுங்கள், தராசைக் கொடுங்கள், பழைய பட்டறைக்கல்லை அத்தை வீட்டில் கேட்டால் கொடுங்கள். கம்பியச்சை மட்டும் விற்க வேண்டாம். தாத்தாவுடைய சாமணமும் ஊதுகுழலும் அதோடு இருக்கட்டும். இங்கே கம்பி இழுக்க மோட்டார் வைத்திருக்கிறார்கள், நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனாலும் வேண்டாம். நம் கம்பியச்சில் மூன்றாம் வரிசையில் ஒரு துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, அதில் இழுத்தால் கம்பி தட்டையாக வரும் என்று திட்டுவீர்களே, அந்தக் கம்பி எனக்கு வேண்டும்.

சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்கு ஜிமிக்கி நீங்களே செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு குண்டு பற்றவைக்கக் கூடாது. முதலில் கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கள். புரைதான் என்றால் ஒரு நாளில் முடிகிற வேலை. அம்மாவைக் கூட அழைத்துப் போங்கள், தம்பியை நம்பாதீர்கள், அவன் பாதியில் நண்பர்களோடு போய்விடுவான். என்ன சொன்னார்கள் என்று நீங்களே எழுத வேண்டும்.

இன்னொன்று. இங்கே 333 என்று முத்திரை போட்ட நகையைச் சாதாரணமாக விற்கிறார்கள். ஆயிரத்துக்கு 333 பங்குதான் தங்கம், மூன்றில் ஒரு பங்கு, எட்டுக் காரட். சட்டப்படி அதுவும் தங்கம்தான். உங்களுக்குக் கோபம் வந்தாலாவது அடுத்த கடிதம் சீக்கிரம் வரும் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவின் கழுத்தை நூலால் அளந்து, அந்த நூலையே உறைக்குள் வைத்து அனுப்புங்கள். சங்கிலி போடும் இடத்தில் அளக்க வேண்டும், மேலே அல்ல. எதற்கு என்று கேட்டால் ஸ்வெட்டர் வாங்க என்று சொல்லிவிடுங்கள். பூந்திக்கொட்டை ஒரு பிடி கூட வைத்தால் நல்லது, இங்கே மெருகுக்குப் போடும் மருந்து என் விரலை அரிக்கிறது.

உங்கள்
பாப்பா