மேளச் சத்தத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி

சியோல் நகரத்தின் 'குட்' சடங்குகளை, அதாவது சாமியை வரவழைக்க மேளம் முழங்க ஆடும் கொரியச் சடங்குகளைப் பற்றிய என் ஆய்வேட்டை ஒப்படைத்தாயிற்று. அதன் நன்றிப் பக்கம் பேராசிரியர்களுக்கே சரியாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு இந்த மடல்.

முதலில் மூடாங் அம்மாவுக்கு. சாமி இறங்கி வாக்குச் சொல்பவரைக் கொரியாவில் மூடாங் என்பார்கள். உங்கள் பூசை அறை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. அங்கே மணியாட்டிக் குறி சொல்லலாம். ஜாங்கு மேளமும் வெண்கலத் தாளமும் முழங்க ஆடினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். அதனால்தான் குட் வீட்டை விட்டுக் கிளம்பி மலையடிவார வாடகை மண்டபங்களில் குடியேறிவிட்டது. என்னையும் மேளங்களோடு வேனில் ஏற்றிக்கொண்டீர்களே, அதற்கு நன்றி.

மண்டபத்துச் சமையல்கார அக்காக்களே, சடங்கின் பாதி வேலை உங்களுடையதுதான். பன்றிக்குச் சொல்லிவைப்பது, அரிசிப் பணியாரம், பழ அடுக்கு எல்லாம் ஒரு போன் பேச்சில் முடிந்துவிடுகிறது. முன்பு வீட்டுப் பெண்கள் நாள்கணக்கில் இடுப்பொடியச் செய்த வேலை அது. எனக்கும் மறக்காமல் சோறு போட்டீர்கள்.

இன்வாங்சான் மலையில் குக்சாடாங் கோயிலைக் காட்டிய பெரியவருக்கு வணக்கம். நாம்சான் மலையில் இருந்த அந்தக் கோயிலை, ஜப்பானியர் தங்கள் ஷிண்டோ ஆலயத்துக்காக 1925-இல் அங்கிருந்து கிளப்பினார்கள். இடம் மாறினால் சடங்கு செத்துவிடும் என்பவர்கள் ஒருமுறை இன்வாங்சானுக்குப் போய்ப் பார்க்கட்டும். 1970-களில் 'மூடநம்பிக்கை ஒழிப்பு' என்று அரசே குட் சடங்குகளைக் கலைத்த கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதே அரசு 1985-இல் மூடாங் கிம் கும்-ஹ்வாவைப் பண்பாட்டுச் சொத்தின் காவலராக அறிவித்தது. நீங்கள் சிரித்த சிரிப்பை ஆய்வேட்டில் எழுத வழியில்லை.

அப்புறம், உணவகம் நடத்தும் குடும்பத்தாருக்கு. வியாபாரம் படுத்த நேரத்தில் செய்த குட் சடங்குக்கு யார் வெளியாளை உள்ளே விடுவார்கள்? முழுப் பன்றியைக் குத்திய திரிசூலத்தை மூடாங் அம்மா உப்புக் குவியல்மேல் நிறுத்த முயன்றபோது அது சாய்ந்துகொண்டே இருந்தது. சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். வீட்டம்மா கைகூப்பி வேண்டிக்கொண்டே ஐம்பதாயிரம் வோன் தாள்களைப் பன்றியின் வாயில் செருகினார். கொஞ்ச நேரத்தில் சூலம் தானாக நின்றது. பேரம் என்று சிலர் கேலி செய்வார்கள். கடை வாடகை கட்டுகிறவர்களுக்குப் பேரம் தெரிந்த சாமிதான் வேண்டும் என்பது என் கட்சி.

வாக்கு வந்தபோது மூத்த மகன் அதைக் கைபேசியில் பதிவுசெய்தார். ஊர்வழக்கில் வந்த அந்த வார்த்தைகளை எனக்கு விளக்க அந்தப் பதிவுதான் உதவியது. தம்பி, தேவாலயத்துக்குப் போகும் உங்கள் மாமனார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றீர்கள். உங்கள் முகம் எந்தப் படத்திலும் இல்லை. மற்ற படங்களைக் காகாவோ டாக் செயலியில் அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது பெரிய அளவில் அச்சு வேண்டுமென்றால் சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்.